அந்த 60 சதவீதத்துல யார் யார் இருந்தாங்க?

கொரோனா காலத்துல கிளம்பின சண்டைகள்ல இன்னும் ஓயாதது இந்த ஹெர்ட் இம்யூனிட்டி சண்டைதான், அதாவது ஊர்ல போதுமான பேருக்கு எதிர்ப்பு சக்தி வந்துட்டா நோய் பரவ ஆள் கிடைக்காம அடங்கிடும்ங்குற விஷயம். லாக்டவுன் சரியா தப்பான்னு யாராவது ஆரம்பிச்சா போதும், ரெண்டாவது நிமிஷமே முழு லாக்டவுன் போடாத ஸ்வீடன் வந்துடும், மூணாவது நிமிஷம் "விட்டிருந்தா தானா அடங்கியிருக்கும்"னு ஒருத்தர் சொல்வார், அதுக்கு இன்னொருத்தர் "அப்போ உன் வீட்டு பெரியவங்கள முதல்ல அனுப்பு"ம்பார், அதோட பேச்சு நாறிப்போயிடும். 2025 நவம்பர்ல பிரிட்டனோட கொரோனா விசாரணை கமிஷன், அதான் முன்னாள் நீதிபதி ஹேலட் அம்மா தலைமையில நடக்குறது, அரசாங்கத்தோட முடிவுகள் பத்தின ரிப்போர்ட்டை வெளியிட்டப்போ மறுபடியும் இதே கூச்சல். அதுல ரெண்டு தரப்புக்கும் கசக்குற விஷயம் இருந்துச்சு. ஒரு வாரம் முன்னாடியே, அதாவது 2020 மார்ச் 16லயே லாக்டவுன் போட்டிருந்தா முதல் அலையில இங்கிலாந்துல மட்டும் கிட்டத்தட்ட 23,000 சாவு குறைஞ்சிருக்கும்னு சொன்னாங்க. அதே ரிப்போர்ட்ல, அதுக்கும் முன்னாடியே சின்னச் சின்ன கட்டுப்பாடுகளை ஒழுங்கா கொண்டுவந்திருந்தா முழு லாக்டவுனே தேவைப்படாம போயிருக்கலாம்னும் சொன்னாங்க. ஆளாளுக்கு தனக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துட்டு போயிட்டாங்க.

எனக்கு இதுல ஒரே ஒரு விஷயம்தான் சொல்லணும். ஹெர்ட் இம்யூனிட்டி நோய் பரவி முடிஞ்சப்புறமோ தடுப்பூசி போட்டு முடிச்சப்புறமோ வர்ற நிலைமை. தடுப்பூசி கையில இல்லாத காலத்துல அதையே திட்டமா வச்சா, இத்தனை சதவீதம் பேருக்கு நோய் வரணும்னு சொல்றோமே, அந்த சதவீதத்துக்குள்ள யார் யார் விழுவாங்கன்னு பேர் சொல்லாம ஒரு பட்டியல் போட்ட மாதிரிதான். அந்தப் பட்டியலைப் பத்தி வெளிப்படையா யாரும் பேசல, அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறாத கோபம்.

முதல்ல பிரிட்டன்ல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம், ஏன்னா இந்த வார்த்தை உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு போனது அங்கேர்ந்துதான். 2020 மார்ச் 11ந்தேதி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற நடத்தையியல் குழுவோட தலைவர் டேவிட் ஹால்பெர்ன் பிபிசியில, ஆபத்துல இருக்கவங்களை கூட்டுக்குள்ள வச்சு பாதுகாத்துட்டு, அவங்க வெளிய வரும்போது மத்தவங்களுக்கு எதிர்ப்பு சக்தி வந்திருக்கும்ங்குற மாதிரி பேசினார். மறுநாள் 12ந்தேதி போரிஸ் ஜான்சன் டிவியில வந்து இன்னும் நிறைய குடும்பங்கள் தங்களோட அன்பானவங்களை காலத்துக்கு முன்னாடியே இழக்கப் போறாங்கன்னு சொன்னார். அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வெளிய டெஸ்ட் எடுக்குறதையும் யார்கிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு தேடுறதையும் நிறுத்தினாங்க. 13ந்தேதி காலையில தலைமை விஞ்ஞான ஆலோசகர் பாட்ரிக் வாலன்ஸ் ரேடியோவுல ஹெர்ட் இம்யூனிட்டியைப் பத்திப் பேசினார், சுமார் 60 சதவீதம் பேருக்கு வரணும்னு டிவியிலயும் சொன்னார். 14ந்தேதி 200க்கும் மேல விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டு எதிர்ப்பு தெரிவிச்சாங்க. 15ந்தேதி சுகாதார மந்திரி மாட் ஹேன்காக் பத்திரிகையில எழுதுறார், ஹெர்ட் இம்யூனிட்டி எங்க இலக்கும் இல்ல கொள்கையும் இல்ல, அது ஒரு விஞ்ஞானக் கருத்து அவ்ளோதான்னு. சரியா நாலு நாள்ல சொன்னதும் ஆச்சு, மறுத்ததும் ஆச்சு.

வாலன்ஸ் சொன்னதுல ஒரு நியாயம் இருந்துச்சுங்குறதையும் சொல்லிடணும். நோயை ஒரேயடியா அமுக்கினா கையை எடுத்ததும் மறுபடி எகிறும், அது குளிர்காலத்துல வந்தா ஆஸ்பத்திரி இன்னும் தாங்காது, அதனால உச்சத்தைக் கொஞ்சம் தட்டையாக்கி நீட்டி விடுவோம்ங்குறதுதான் அவங்க எண்ணம். வெறும் கொடூரம்னு அதை ஒதுக்கிட முடியாது. ஆனா அந்த 60ங்குற நம்பரை சொன்னவங்க அதுக்கு அடுத்த வரியை சொல்லல. அந்த வரியை போட ஒரு துண்டு பேப்பர் போதும்.

ஒருத்தர்கிட்டேர்ந்து சராசரியா ரெண்டரை பேருக்கு பரவுதுன்னு வச்சுக்கோங்க. ஒண்ணை ரெண்டரையால வகுத்தா 0.4, ஒண்ணுலேர்ந்து அதை கழிச்சா 0.6, அதுதான் 60 சதவீதம். இது வரைக்கும் எல்லா டிவியிலயும் போட்டாங்க. பிரிட்டன் ஜனத்தொகை அப்போ சுமார் 6.6 கோடி, அதுல 60 சதவீதம்னா ஏறக்குறைய 4 கோடி பேர். நோய் வந்தவங்கள்ல நூத்துல ஒருத்தர் செத்தா 4 லட்சம் பேர், இல்ல இருநூத்துல ஒருத்தர்தான்னு தாராளமா எடுத்துக்கிட்டாலும் 2 லட்சம் பேர். இது பத்தாங்கிளாஸ் கணக்கு. 16ந்தேதி இம்பீரியல் காலேஜ்லேர்ந்து நீல் ஃபெர்குசன் குழு ரிப்போர்ட் வந்தப்போ, ஒண்ணுமே செய்யாம விட்டா பிரிட்டன்ல 5.1 லட்சம், ஓரளவு கட்டுப்படுத்தினாலும் 2.5 லட்சம் வரைக்கும் சாவாங்கன்னு இருந்துச்சு, ஐசியூ பெட் தேவை இருக்குறதைவிட எட்டு மடங்கு போகும்னும் இருந்துச்சு. அந்த மாடல்ல நிறைய குறை சொன்னாங்க, சொல்லலாம், ஆனா துண்டு பேப்பர் கணக்குலயே கிட்டத்தட்ட அதே அளவுலதான் வந்து நிக்கும். ஒரு வாரம் கழிச்சு 23ந்தேதி லாக்டவுன்.

அந்த கணக்குல இன்னொரு ஓட்டையும் இருக்கு, அதை இன்னைக்கும் பலபேர் கவனிக்கிறதில்ல. 60 சதவீதம் வந்தா நோய் நின்னுடும்னு நினைக்கிறாங்க. பிரேக் போட்ட இடத்துலயே பஸ் நிக்காது இல்லையா, அது மாதிரி 60ஐ தொடுற நேரத்துல லட்சக்கணக்கான பேர் நோயோட நடமாடிட்டு இருப்பாங்க, புதுசா வர்றது அன்னிலேர்ந்து குறைய ஆரம்பிக்கும் அவ்ளோதான், அதுக்குள்ள இன்னும் பலபேருக்கு வந்துடும். எந்தக் கட்டுப்பாடும் இல்லாம அதே ரெண்டரை கணக்குல ஓட விட்டா கடைசியா 90 சதவீதத்துக்கு பக்கத்துல போய்த்தான் ஓயும். இதெல்லாம் ஒருதடவை வந்தா ஆயுசுக்கும் வராதுங்குற நம்பிக்கையில போட்ட கணக்கு வேற. கொரோனா அப்படி இல்லைன்னு அடுத்த வருஷமே தெரிஞ்சுபோச்சு.

பெரிய அடி வாங்கின நாடுகள்ல கூட முதல் அலைக்கப்புறம் எத்தனை பேருக்கு வந்திருந்துச்சு தெரியுமா? ஸ்பெயின்ல 60,000 பேருக்கு மேல ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, நாடு முழுக்க சராசரி 5 சதவீதம். பிணவறையில இடமில்லாம மாட்ரிட்ல பனிச்சறுக்கு அரங்கத்துல உடல்களை வச்ச அந்த நாட்டுல வெறும் 5 சதவீதம்! ஸ்டாக்ஹோம்ல மே மாசத்துக்குள்ள ஹெர்ட் இம்யூனிட்டி வந்துடலாம்னு ஸ்வீடனோட தலைமை எபிடமியாலஜிஸ்ட், அதாவது நோய்ப்பரவல் நிபுணர், ஆண்டர்ஸ் டெக்னெல் ஏப்ரல்ல பேசினார், ஏப்ரல் கடைசியில எடுத்த ரத்தப் பரிசோதனையில வந்தது 7.3 சதவீதம்.

இங்கதான் "அப்போ வயசானவங்களை மட்டும் பாதுகாப்போம், மத்தவங்க நடமாடட்டும்"ங்குற யோசனை வருது. கேக்க ரொம்ப நல்லா இருக்கும். 2020 அக்டோபர் 4ந்தேதி அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல இருக்குற கிரேட் பாரிங்டன்ங்குற ஊர்ல வச்சு மூணு பேர் இதையே பிரகடனமா வெளியிட்டாங்க, ஸ்டான்ஃபோர்டு ஜெய் பட்டாச்சார்யா, ஆக்ஸ்ஃபோர்டு சுனேத்ரா குப்தா, ஹார்வர்டு மார்ட்டின் குல்டார்ஃப். மூணு பேரும் படிச்சவங்க, சாதாரண ஆளுங்க இல்ல. லாக்டவுனால ஏழைங்க நாசமாறாங்க, பிள்ளைங்க படிப்பு போகுது, கேன்சர் பரிசோதனை தள்ளிப்போகுது, தடுப்பூசி போடுற குழந்தைங்க எண்ணிக்கை குறையுதுன்னு அவங்க சொன்னது அத்தனையும் உண்மை. அந்த வலியை வாய்விட்டு சொன்னதுக்கு அவங்களுக்கு மரியாதை குடுத்தே ஆகணும். ஆனா யாரைப் பாதுகாக்கணும்னு சொன்னவங்க, எப்படிங்குறதுக்கு குடுத்த பதில் பத்தவே பத்தாது.

ஒரு முதியோர் இல்லத்தை எடுத்துக்குவோம். அங்க இருக்குற எண்பத்தஞ்சு வயசு அம்மா வெளிய எங்கயும் போறதில்ல. காலையில ஆறு மணிக்கு ஒரு பொண்ணு வந்து அவங்களை திருப்பிப் படுக்க வச்சு, துடைச்சு, டயப்பர் மாத்தி, நைட்டி மாத்தி, வாய்கிட்ட குனிஞ்சு கஞ்சி ஊட்டுறா. ஒரு முழம் இடைவெளி கூட இல்லாத வேலை அது, ஆறடி தள்ளி நின்னு யாருக்கும் ஊட்ட முடியாது. அந்தப் பொண்ணு பஸ்ல வந்தவ, அவ பிள்ளை ஸ்கூலுக்கு போகுது, அவ புருஷன் குடோன்ல வேலை பார்க்குறான், சாயங்காலம் அவளே இன்னொரு இல்லத்துக்கு போறா ஏன்னா ஒரு இடத்து சம்பளம் பத்தாது. ஊர்ல நோய் ஓடட்டும்னு விட்டுட்டா முதல்ல வர்றது இவளுக்கு, இவ மூலமா அந்த அம்மாவுக்கு. ஆபத்துல இருக்குறவங்க தனித்தீவுல வாழல, அவங்களை தொட்டுத் தூக்குற கை அந்த "நடமாடட்டும்"னு விட்ட கூட்டத்துலேர்ந்துதான் வருது.

கற்பனையா சொல்லல. ஸ்வீடன்ல மாட்ஸ் மெலின் தலைமையில போட்ட கமிஷன் 2020 டிசம்பர்லயே சொன்னது, வயசானவங்களை பாதுகாக்குறதுல நாடு தோத்துப்போச்சு, நோய் ஊருக்குள்ள பரவினதுதான் அதுக்கு முக்கியக் காரணம்னு. முதியோர் பராமரிப்புல ரொம்ப நாளா இருந்த ஆள் பற்றாக்குறை, மணிக்கணக்கு கூலிக்கு வர்ற ஆளுங்க, இதையும் சேர்த்தே சொன்னாங்க. பிரிட்டன்ல கதை இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில பெட்டை காலி பண்ணனும்னு 2020 மார்ச் நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் சுமார் 25,000 பேரை முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினாங்க, அதுல எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கல. அந்த வழிமுறை சட்டவிரோதம்னு 2022 ஏப்ரல்ல அந்த ஊர் ஹைகோர்ட்டே தீர்ப்பு சொல்லுச்சு. கூட்டுக்குள்ள வச்சு பாதுகாப்போம்னு மார்ச் 11ந்தேதி சொன்ன நாட்டுல, சொன்ன கையோட அந்தக் கூட்டுக்குள்ளயே நோயை அனுப்பி வச்சாங்க.

கிரேட் பாரிங்டன்காரங்களுக்கு எதிரா ஜான் ஸ்னோ மெமோராண்டம்னு லான்செட் மருத்துவ இதழ்ல விஞ்ஞானிகள் பதில் எழுதினாங்க, உலக சுகாதார நிறுவனத்து தலைவர் டெட்ரோஸ் பொது சுகாதார வரலாற்றுல ஹெர்ட் இம்யூனிட்டியை ஒரு உத்தியா யாரும் பயன்படுத்தினதே இல்லைன்னு சொன்னார். இது முறையான பதில். ஆனா அப்போ அமெரிக்க அரசாங்கத்தோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச்சுக்கு டைரக்டரா இருந்த ஃபிரான்சிஸ் காலின்ஸ், இவங்க ஓரத்து ஆளுங்க, சீக்கிரமா இவங்க வாதத்தை அடிச்சு நொறுக்குற மாதிரி ஒண்ணு வெளிவரணும்னு மெயில் அனுப்பினது பின்னாடி வெளிய வந்துச்சு. அது தப்பு. எதிர்தரப்பை ஓரத்து ஆள்னு முத்திரை குத்தினா வாதம் சாகாது, அது தியாகி வேஷம் போட்டுக்கிட்டு திரும்ப வரும். 2025ல அதே என்ஐஎச்சுக்கு டைரக்டரா வந்து உக்காந்தது ஜெய் பட்டாச்சார்யா. அன்னைக்கே பொதுவுல உக்கார வச்சு, அந்த பராமரிப்பு வேலை பார்க்குற பொண்ணை என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கணும்.

சரி, ஓட விட்டா என்ன ஆகும்ங்குறதுக்கு உலகத்துல ஒரு ஊர் சாட்சி இருக்கு. பிரேசில்ல அமேசான் காட்டுக்கு நடுவுல மனௌஸ், 20 லட்சத்துக்கு மேல ஜனம். 2020 ஏப்ரல் மே மாசத்துல அங்க குழி வெட்டி வரிசையா புதைச்சாங்க. அக்டோபருக்குள்ள அந்த ஊர்ல முக்கால்வாசி பேருக்கு நோய் வந்து போயிருக்கும்னு ஒரு ஆய்வு மதிப்பிட்டுச்சு, 76 சதவீதம். 60ஐ தாண்டியாச்சு, இனிமே ஒண்ணும் வராதுன்னு நினைச்சாங்க. 2021 ஜனவரி 14ந்தேதி அந்த ஊர் ஆஸ்பத்திரிகள்ல ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு. நர்ஸுங்க கையாலயே பையை அமுக்கி அமுக்கி மூச்சு குடுத்தாங்க, சொந்தக்காரங்க சிலிண்டருக்கு ரோட்டுல வரிசையில நின்னாங்க, நோயாளிங்களை விமானத்துல வேற மாநிலத்துக்கு அனுப்பினாங்க. காமான்னு பேர் வச்ச புது வகை கொரோனா அங்கேர்ந்துதான் கிளம்புச்சு. அந்த 76 மதிப்பீடு கொஞ்சம் அதிகம்னு பின்னாடி விவாதம் நடந்துச்சு, நடக்கட்டும், ஆனா அதை நம்பி தைரியமா இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுங்குறதுல விவாதம் கிடையாது. அதே 2021 ஜனவரியில டெல்லியில நடந்த சர்வேயில 56 சதவீதம் பேருக்கு ரத்தத்துல ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் பொருள், இருந்துச்சு, ஹெர்ட் இம்யூனிட்டி பக்கத்துல வந்துட்டோம்னு பேசினாங்க. ஏப்ரல்ல டெல்லி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் நான் சொல்லத் தேவையில்ல.

ஸ்வீடனை வச்சு சண்டை போடுறவங்க ரெண்டு பேருமே பாதிதான் படிக்கிறாங்கன்னு எனக்கு தோணுது. முதல் வருஷம் பக்கத்துல இருக்குற நார்வே, ஃபின்லாந்தைவிட அங்க சாவு பலமடங்கு, அந்த ஊர் ராஜாவே டிசம்பர்ல டிவியில நாம தோத்துட்டோம்னு சொன்னார். அதே நேரம் 2020லேர்ந்து 2022 வரைக்கும் மொத்தமா கூட்டிப் பார்த்தா, வழக்கத்தைவிட அதிகமா நடந்த சாவு ஐரோப்பாவுலயே குறைவா இருக்குற நாடுகள்ல ஸ்வீடனும் ஒண்ணு. ரெண்டும் உண்மை. ஆனா அங்க "ஓட விடலை"ங்குறதை யாரும் பார்க்கிறதில்ல. 50 பேருக்கு மேல கூடக்கூடாது, பெரிய கிளாஸ் பசங்களுக்கும் காலேஜுக்கும் வீட்டுலேர்ந்து பாடம், முதியோர் இல்லத்துக்கு யாரும் போகக்கூடாது, வேலையை வீட்டுலேர்ந்தே பாருங்க. போலீஸ் வச்சு மிரட்டாம சொன்னாங்க, ஜனங்க பெரும்பாலும் கேட்டாங்க. தனியா வாழுறவங்க ஏராளம், உடம்பு சரியில்லைன்னா சம்பளத்தோட லீவு, அதுலயும் லீவோட முதல் நாளுக்கு வழக்கமா பிடிக்குற சம்பளத்தை அப்போ அரசாங்கமே ஏத்துக்கிச்சு, அரசாங்கத்து மேல நம்பிக்கை. அப்புறம் தடுப்பூசி வந்ததும் வரிசையா போய் போட்டுக்கிட்டாங்க. 2022ல வந்த அந்த கமிஷனோட கடைசி ரிப்போர்ட், கட்டாயப்படுத்தாம நடந்துக்கிட்டது அடிப்படையில சரி, ஆனா ஆரம்பத்துலயே இன்னும் சீக்கிரமா இன்னும் அழுத்தமா நடவடிக்கை எடுத்திருக்கணும்னு சொன்னது. இதை எடுத்து "பார்த்தியா ஹெர்ட் இம்யூனிட்டி ஜெயிச்சுது"ன்னு போடுறது அநியாயம்.

சம்பளத்தோட லீவுன்னு சொன்னேன்ல, எனக்கு இந்த மொத்த விவகாரத்துலயும் முக்கியமா படுறது அதுதான், ஆனா டிவி விவாதத்துல அஞ்சு நிமிஷம் கூட அதுக்கு ஒதுக்கல. பிரிட்டன்ல 2020 ஏப்ரல்லேர்ந்து சட்டப்படி கிடைக்குற நோய்க்கால சம்பளம் வாரத்துக்கு 95.85 பவுண்டு. இருமல் இருந்தா வீட்டுல இருன்னு சொல்லிட்டு, வீட்டு வாடகைக்கே பத்தாத காசை கையில குடுத்தா அந்தப் பொண்ணு இருமலை முழுங்கிட்டு வேலைக்கு போகத்தான் செய்வா. இதுல, மக்கள் கட்டுப்பாட்டால சலிச்சுப் போயிடுவாங்க அதனால சீக்கிரம் ஆரம்பிக்கக்கூடாதுன்னு வேற அரசாங்கம் சொல்லுச்சு, அதுக்கு ஆதாரம் எங்கன்னு 600க்கும் மேல நடத்தையியல் ஆளுங்களே கையெழுத்துப் போட்டு கேட்டாங்க. ஜனங்க சலிச்சுப் போனதைவிட காசில்லாம போனதுதான் ஜாஸ்தி.

இந்தியாவுலயும் இந்தப் பேச்சு வந்துச்சு. நம்ம ஜனங்கள்ல இளைஞர்கள் அதிகம், அதனால இங்க இது தாங்கும்னு வேலூர் சிஎம்சியில பிரின்சிபாலா இருந்த எபிடமியாலஜிஸ்ட் ஜெயபிரகாஷ் முளியில் மாதிரி பெரிய அனுபவசாலிகளே சொன்னாங்க. அவர் சொன்னதுக்குப் பின்னாடி, நாலு மணி நேர அவகாசத்துல நாட்டையே பூட்டினா தினக்கூலி என்ன ஆவாங்குற அக்கறை இருந்துச்சு, நடந்தே ஊருக்கு போன அந்த ஜனங்களை பார்த்தப்புறம் அந்த அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. 2020 ஜூலை 30ந்தேதி மத்திய சுகாதாரத்துறை அதிகாரி ராஜேஷ் பூஷண், இவ்ளோ பெரிய நாட்டுக்கு இது ஒரு வழியா இருக்கவே முடியாது, தடுப்பூசி மூலமாத்தான் வரணும்னு தெளிவா சொன்னார். சரியான வார்த்தை.

ஆனா நடந்தது என்ன? 2021 ஜூன் ஜூலையில இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதான் ஐசிஎம்ஆர், எடுத்த நாலாவது சர்வேயில நாடு முழுக்க 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி. தடுப்பூசி போட்டவங்களும் அதுல உண்டு, ஆனா அப்போ போட்டவங்க குறைவு, பெரும்பகுதி நோய் வந்து வந்ததுதான். அதாவது பிரிட்டன் பயந்து பின்வாங்கின அந்த 60ஐ யாரும் திட்டம்னு அறிவிக்காமலே நாம தாண்டிட்டோம். அதுக்கு எத்தனை உயிர் போச்சுங்குறதுல அரசாங்க கணக்குக்கும் உலக சுகாதார நிறுவனத்து மதிப்பீட்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. 2020, 2021 ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து அவங்க 47 லட்சம்னாங்க, நம்ம கணக்கு 5 லட்சத்தை தொடல, அந்த மாடலே தப்புன்னு நம்ம அரசாங்கம் மறுத்துடுச்சு. பதிவான மரணங்களோட 2021 கணக்கு 2025 மே மாசம்தான் வெளிய வந்துச்சு. 2020ல சுமார் 81 லட்சம், 2021ல 1.02 கோடி. ஒரே வருஷத்துல 21 லட்சம் கூடுதல். எல்லாமே கொரோனான்னு சொல்லல, பதிவு பண்றது கூடினதும் அதுல இருக்கும். ஆனா அந்த 21 லட்சத்துல எத்தனை பேர் ஆக்சிஜன் இல்லாம போனாங்க, எத்தனை பேர் வீட்டுலயே போனாங்க, அதுல எத்தனை பேர் யாரையாவது குளிப்பாட்டி ஊட்டிவிட்ட கைகள்னு பிரிச்சுப் பார்க்க, பிரிட்டன்லயும் ஸ்வீடன்லயும் போட்ட மாதிரி தேசிய அளவுல சுதந்திரமான ஒரு விசாரணை கமிஷன் நமக்கு இன்னும் போடல. போடுங்கன்னு கேக்குறேன், மாவட்டவாரியா மாசவாரியா அந்த மரணப் பதிவுகளை பொதுவுல வைங்கன்னு கேக்குறேன். சண்டை போடுறவங்க எந்தப் பக்கமா இருந்தாலும் இதையாவது சேர்ந்து கேக்கலாம்.